ஏலத்துக்கு வந்த இணையதளம்: ஏழரை லட்சத்தின் கணக்கு

499 கோடி ரூபாய். 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் மும்பையின் இந்தியாவேர்ல்டுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை. ராஜேஷ் ஜெயின் 1995இல் தொடங்கிய இந்தியாவேர்ல்டிடம் தொழிற்சாலையும் இல்லை, கிடங்கும் இல்லை. இருந்தவை இணையதளங்கள்: செய்திக்கு சமாச்சார், தேடலுக்கு கோஜ், விளையாட்டுக்கு கேல், சமையலுக்கு பாவர்ச்சி. முதலில் 24.5 சதவீதப் பங்கு கைமாறியது. மீதி 75.5 சதவீதம் 2000ஆம் ஆண்டின் நடுவில் போய்ச் சேர்ந்தது. விலை பேசிய நேரத்தில் அந்த நிறுவனத்தின் ஆண்டு வருமானம் ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை. 499ஐ ஒன்றரையால் வகுத்தால் 332க்கு மேல் வருகிறது. அதாவது 332 ஆண்டு வருமானத்துக்கு மேல் முன்கூட்டியே கொடுத்த கணக்கு.

விற்றவர் எதையும் மறைக்கவில்லை. வாங்கியவரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினார். காலம் அப்படி. 2000 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048இல் முடிந்தது. 2002 அக்டோபர் 9 அன்று அது 1,114. நூற்றுக்கு 78 போயிற்று.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 10.26 டாலர். ஒரு ‘டாட் காம்’ பெயருக்கு ஓராண்டுக்கு, அந்தப் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் பதிவாளர்களுக்கு விதித்த மொத்த விலை இது. 2024 செப்டம்பர் 1 அன்று நடப்புக்கு வந்தது. இணையதளம் என்ற சரக்கில் விலை எழுதி ஒட்டியிருப்பது இந்தப் பெயருக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் நம்பிக்கை. நம்பிக்கைக்கு விலை போடும்போதுதான் கணக்கு வேண்டும்.

குத்தகைக்காரர்கள் ஊர்

நெருளில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நெருள் இருக்கும் நவி மும்பையை 1970இல் தொடங்கிய அரசு நிறுவனமான சிட்கோ உருவாக்கியது; அது மனைகளை முழுச் சொந்தமாக விற்கவில்லை. 60 ஆண்டுக் குத்தகை. அதனால்தான் இங்கே ஃபிளாட் வாங்குகிறவர் சுவரின் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் சிட்கோ அனுமதி, சொசைட்டியின் தடையில்லாச் சான்று, பங்குப் பத்திரம், வங்கிக் கடன் பாக்கி என்று காகிதங்களைப் பார்க்கிறார். ஊரில் நிலம் வாங்கினால் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கிறோமே, அதே பழக்கம்.

டொமைன் பெயரும் குத்தகைதான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. ஆனால் ஃபிளாட்டுக்கு ஒன்பது காகிதம் கேட்கும் அதே ஆள், இரவு பதினொன்றரைக்குக் கைப்பேசியில் ஏலம் முடியப் போகிற இணையதளத்துக்கு ஒரே ஒரு வருமானப் படத்தைப் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் கேட்டுவிடுகிறார். இந்த வியாபாரம் பெருகியது 2009க்குப் பிறகு. மெல்போர்னின் சைட்பாயின்ட் தளத்துக்குள் நடந்துகொண்டிருந்த சந்தை அந்த ஆண்டு ஃப்ளிப்பா என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. தாராவியில் தோல்பை தைத்து விற்பவரும் செம்பூரில் சம்பளத்துக்கு மேல் இரண்டாவது வருமானம் தேடுபவரும் உலகத்தின் எந்த மூலையில் உள்ள தளத்தையும் இன்று ஏலம் கேட்கலாம்.

விற்பவர் எழுதும் பக்கம்

கணக்குக்காக ஒரு தளத்தைக் கற்பனை செய்வோம். பைகளையும் வீட்டுச் சாமான்களையும் அலசி எழுதும் ஆங்கிலத் தளம். விளம்பரத்திலும் தரகிலும் வருமானம். ஏலப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

மாத வருமானம்: ரூ. 31,000
ஹோஸ்டிங்: ரூ. 2,000
கட்டுரைச் செலவு: ரூ. 4,000
மாத லாபம்: ரூ. 25,000
கேட்கும் விலை (30 மாத லாபம்): ரூ. 7,50,000

சிறிய தளங்களுக்கு மாத லாபத்தை 24 முதல் 40 வரை பெருக்கி விலை சொல்வது இந்தச் சந்தையின் வழக்கம். ஆகவே 30 மடங்கு என்பதில் தவறில்லை. தவறு இருந்தால் அது 25,000இல் இருக்கும். அந்த எண்ணில் ஆயிரம் ரூபாய் பிசகினால் விலையில் முப்பதாயிரம் பிசகும்.

வாங்குபவர் எழுத வேண்டிய பக்கம்

முதல் கேள்வி: 31,000 எந்த மாதங்களின் சராசரி? அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று பதில் வந்தால் அது தீபாவளியும் கிறிஸ்துமஸும் சேர்ந்த சராசரி. மற்ற 9 மாதங்களில் 19,000தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

9 மாதம் × 19,000 = ரூ. 1,71,000
3 மாதம் × 31,000 = ரூ. 93,000
ஆண்டு மொத்தம் = ரூ. 2,64,000
உண்மையான மாதச் சராசரி = ரூ. 22,000

இரண்டாவது கேள்வி: மாதம் 12 கட்டுரை 4,000 ரூபாய்க்கு எப்படி முடிகிறது? விற்பவரின் தம்பி எழுதுகிறார். தம்பி தளத்தோடு சேர்ந்து வரமாட்டார். வெளியாளிடம் கட்டுரைக்கு 800 ரூபாய் என்றால் மாதம் 9,600. வடிவமைப்புக்கும் கூடுதல் மென்பொருள்களுக்கும் உரிமம் ஆண்டுக்கு 12,000; அது விற்பவரின் வேறு கணக்கில் ஏறியிருக்கும். மின்னஞ்சல் அனுப்பும் சேவை மாதம் 900. டொமைன் பெயர் மாதத்துக்கு 100.

ஹோஸ்டிங்: ரூ. 2,000
கட்டுரைகள்: ரூ. 9,600
உரிமங்கள்: ரூ. 1,000
மின்னஞ்சல் சேவை: ரூ. 900
பெயர்: ரூ. 100
மொத்தச் செலவு: ரூ. 13,600
மாத லாபம் (22,000 – 13,600): ரூ. 8,400

25,000 இப்போது 8,400. அதன் 30 மடங்கு 2,52,000. ஏழரை லட்சம் கொடுத்து வாங்கினால் முதல் திரும்ப 89 மாதம், அதாவது ஏழு ஆண்டு ஐந்து மாதம் ஆகும். அதே ஏழரை லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் தூங்கிக்கொண்டே மாதம் 4,375 வாங்கலாம்.

மூன்றாவது கேள்வி யாரும் கேட்பதில்லை: விற்பவர் இதற்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார்? ‘வாரத்துக்கு இரண்டு மணி’ என்றுதான் எழுதியிருக்கும். நிஜத்தில் மாதம் 40 மணி ஆகிறது என்று வைத்து, மணிக்கு 200 ரூபாய் என்று உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டால் 8,000 போகும். மிச்சம் 400 ரூபாய். பணம் கொடுத்து நீங்கள் வாங்கியது தளமல்ல, ஒரு வேலை.

நான்காவது: வரைபடம் எந்தப் பக்கம் சாய்கிறது? வருமானம் மாதம் 3 சதவீதம் இறங்கினால் காதில் கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். 12 மாதத்தில் 22,000 என்பது 15,264 ஆகிவிடும். செலவு 13,600 அப்படியே நிற்கும். 8,400 லாபம் சுமார் 1,660க்கு இறங்கிவிடும்.

இதுவரை பொய் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் போட்டது நேர்மையான விற்பனையாளரின் கணக்கு. இனி வருவது வில்லங்கம்.

பெயரின் வில்லங்கம்: 80 நாள், 60 நாள்

‘15 ஆண்டுப் பழைய பெயர்’ என்று ஏலப் பக்கம் பெருமை பேசும். டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் பதிவாளர் அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். பிறகு மீட்பதற்கு 30 நாள். கடைசியாக அழிப்புக்குக் காத்திருக்கும் 5 நாள். ஆக 80 நாளுக்குள் பழைய வாழ்வு முடிந்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை வந்துவிடும். ஆனால் அழிவதற்கு முன்பே காலாவதி ஏலத்தில் எடுத்தால் பழைய பிறந்தநாள் அப்படியே தொடரும். ஆகவே பதிவேட்டில் 15 ஆண்டு என்று இருந்தாலும் இப்போதைய தளத்துக்கு வயது 15 மாதமாக இருக்கலாம்.

இதைப் பிடிக்க இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று பெயர்ப் பதிவேடு. பழைய ஹூயிஸ் முறையின் இடத்தில் 2025 ஜனவரி 28 முதல் ஆர்டேப் என்ற முறை வந்திருக்கிறது. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் அமலான பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும், தேதிகள் மறைவதில்லை. இன்னொன்று இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின், 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பழைய பக்கங்களின் கிடங்கு. 2014இல் பல் மருத்துவமனை, 2018இல் சீன மொழிச் சூதாட்டம், 2023இல் பை விமர்சனம் என்று அங்கே தெரிந்தால் அந்தப் பெயருக்குச் சுழி சரியில்லை.

60 நாள் என்ற எண்ணும் முக்கியம். புதிதாகப் பதிந்த பெயரையும் அண்மையில் பதிவாளர் மாறிய பெயரையும் 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் கொண்டுபோகவிடாமல் தடுக்கலாம். விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு ஒரு பெயர் இடம் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். திருட்டுப் பெயர்களும் உலவுகின்றன. 1994இல் கேரி கிரெமன் என்பவர் பதிந்த செக்ஸ் டாட் காம் பெயரை 1995இல் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டி இன்னொருவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நீதிமன்றம் 2000இல்தான் திருப்பித் தரச் சொன்னது, 2001இல் 6.5 கோடி டாலர் இழப்பீடும் விதித்தது. ஒரு கடிதத்தால் ஐந்து ஆண்டு போயிற்று.

ஒரு எழுத்து, ஒரு வழக்கு

499 கோடிக்குத் தளங்களை வாங்கிய அதே சத்யம் இன்ஃபோவே, சிஃபி என்ற தன் பெயரைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பின் பெயர் சிஃபிநெட். அதன் ‘சிஃபி’ பகுதியில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல். 2004இல் வந்த தீர்ப்பு, டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று உறுதி செய்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1999இல், ரெடிஃப் நிறுவனம் ‘ராடிஃப்’ என்ற பெயருக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது.

டாட் காம் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் உலகப் பொது முறை ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரை எதிர்ப்பவர் ஜெனீவாவின் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் 1,500 டாலர் கட்டினால் ஒருவரே நடுவராக இருந்து 5 பெயர்கள் வரை விசாரிப்பார். பதில் சொல்ல உங்களுக்கு 20 நாள். தோற்றால் பெயர் போகும். ஏலத்தில் நீங்கள் கொடுத்த பணத்தைப் பற்றி அந்த நடுவர் பேசமாட்டார். 2023இல் மட்டும் அந்த அமைப்புக்கு வந்த வழக்குகள் 6,192.

நம் ஆட்களுக்கு இதைச் சரிபார்ப்பது கைக்கெட்டும் தூரம். இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் தலைமையிடம் மும்பை ஆன்டாப் ஹில்லில்தான் இருக்கிறது. நெருளில் ஹார்பர் லோக்கல் ஏறினால் செம்பூர், குர்லா தாண்டி ஜி.டி.பி. நகர் பக்கம். போகக்கூட வேண்டாம், இணையத்தில் தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. மொத்தம் 45 வகுப்புகளில் உங்கள் தொழிலுக்குரியதில் அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் ஏலப் பக்கத்தை மூடிவிடலாம்.

கூட்டம் மெய்யா?

‘மாதம் 60,000 வருகைகள்’ என்றால் அந்த எண்ணை எங்கே எடுத்தார் என்று கேட்க வேண்டும். சர்வர் பதிவேட்டில் இருந்து என்றால் அதில் மனிதர்களும் நிரல்களும் கலந்திருப்பார்கள். 2024ஆம் ஆண்டின் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் தானியங்கி நிரல்கள் என்றது இம்பெர்வா நிறுவனத்தின் அறிக்கை. அந்த விகிதத்தைப் போட்டால் 60,000இல் மனிதர்கள் 29,400.

கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டுகிறேன் என்றால் தேதியைப் பாருங்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று எண்ணுவதை நிறுத்தியது. 2024 ஜூலைக்குப் பிறகு அதன் பழைய கணக்கும் திறக்காது. ஆகவே 2021இன் வரைபடத்தை அந்தக் கணக்கிலிருந்தே திறந்து காட்டுவதாக ஒருவர் சொன்னால் அவர் காட்டுவது படத்தை. படத்தை யாரும் வரையலாம்.

எனக்குப் பிடித்த எண் 16. கூகுள் சர்ச் கன்சோல் தளத்தின் 16 மாதத் தேடல் கணக்கை வைத்திருக்கும். பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே பதில். கிடைத்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: தேடலில் கிடைத்த சொடுக்குகள் எந்த மாதம் சரிந்தன, கூகுள் ஊழியர்கள் கையால் விதித்த தண்டனை ஏதும் இருக்கிறதா. 2024 மார்ச் 5 அன்று கூகுள் அறிவித்த மாற்றம் பல தளங்களின் தலையெழுத்தைத் திருப்பியது. காலாவதியான பெயரை வாங்கிக் குப்பையை நிரப்புவதும், கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்வதும் அன்றிலிருந்து வெளிப்படையான குற்றங்கள். தரமற்ற பக்கங்கள் தேடலில் 45 சதவீதம் குறைந்ததாகக் கூகுளே பிறகு சொன்னது. அந்தத் தேதிக்கு அடுத்த வாரங்களில் செங்குத்தாக விழுந்த தளங்கள் மலிவாக ஏலத்துக்கு வந்தால் அது மலிவல்ல.

தமிழ்த் தளமாக இருந்தால் இன்னொரு சோதனை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. நல்ல தளங்களோடு, நாளிதழ்ச் செய்தியை அப்படியே ஒட்டியவையும் இயந்திர மொழிபெயர்ப்பில் நிரப்பியவையும் கூடவே வந்தன. பத்துக் கட்டுரை எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இருபது தேடல், அரை மணி நேரம். ஐந்து இடத்தில் வேறு தளம் முன்னால் வந்தால் நீங்கள் வாங்கப் போவது இன்னொருவரின் எழுத்து.

வருமானம் யார் கையில்?

ஆட்சென்ஸ் கணக்கு தளத்தோடு கைமாறாது. வாங்கியவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் மறுத்தால் முதல் மாத விளம்பர வருமானம் பூச்சியம்.

தரகு வருமானம் அதைவிட நொய்மையானது. 2020 ஏப்ரல் 21 அன்று அமேசான் அமெரிக்காவில் தன் தரகு விகிதங்களை வெட்டியது. மேசை நாற்காலிக்கும் வீட்டுச் சாமானுக்கும் 8 சதவீதம் 3 ஆனது. மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. மாதம் 1,00,000 மதிப்புக்கு விற்றுக் கொடுத்தவர் 8,000 வாங்கிய இடத்தில் 3,000 வாங்கினார். வாசகர் குறையவில்லை, உழைப்பு குறையவில்லை; வேறு யாரோ ஒரு வரியைத் திருத்தினார்கள். ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரும் தளத்துக்கு 30 மடங்கு கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

‘20,000 மின்னஞ்சல் முகவரிகளும் இலவசம்’ என்ற வரியைப் பார்த்தால் மகிழாதீர்கள். அந்த 20,000 பேரும் யாருக்குச் சம்மதம் கொடுத்தார்கள்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

பணம் கைமாறும் நாள்

நேராக வங்கிக்கு அனுப்பு, விலையைக் குறைக்கிறேன் என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் பணத்தைப் பிடித்து வைத்து, சரக்கு கைக்கு வந்த பிறகு விடுவிக்கும் எஸ்க்ரோ முறை 1999 முதல் இணையத்தில் இருக்கிறது. அதற்கான முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். ஒரு எழுத்து மாறிய போலி எஸ்க்ரோ தளங்கள் இருக்கின்றன.

விலைக்கு மேல் வரும் செலவையும் ஏட்டில் எழுதுங்கள். அட்டையில் டாலராகக் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்தால் 4.13 சதவீதம். 2,52,000க்கு அது 10,408 ரூபாய்.

2024இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. முந்தைய ஆண்டு 7,465 கோடி. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நான்கு மணி நேரம்

பதிவேட்டுத் தேதிகள்: 5 நிமிடம்
வேபேக் மெஷின்: 60 நிமிடம்
சர்ச் கன்சோல்: 30 நிமிடம்
வருமானக் கணக்கை நேரலையில் திறந்து பார்த்தல்: 30 நிமிடம்
எழுத்துத் திருட்டுச் சோதனை: 30 நிமிடம்
வணிகக்குறித் தேடல்: 30 நிமிடம்
வரவு செலவுத் தாள் எழுதுதல்: 55 நிமிடம்
மொத்தம்: 240 நிமிடம்

மணிக்கு 200 ரூபாய் வீதம் 800 ரூபாய். ஏழரை லட்சத்தில் அது நூற்றுக்குப் பத்து பைசாவுக்குச் சற்று மேல். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்பார்கள். இது தானமில்லை.

நம் கற்பனைத் தளத்துக்கு என் தாளில் வந்த விலை 2,52,000. வில்லங்கம் ஒன்றும் இல்லை என்றால்தான் அதுவும். அந்த எண்ணை ஏலம் தொடங்கும் முன் எழுதி வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் யாரோ 2,60,000 கேட்கும்போது அதை அடித்துத் திருத்தாதீர்கள்.